படத்தில் ஐந்து தட்டு

2 நவம்பர் 2025, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் தேவநேசன் அண்ணன் என் கையில் ஒரு புத்தகத்தைத் திணித்தான். அவன் எழுதிய ‘ஐப்பசி வீடு’தான், புதுப் பதிப்பு. அட்டையில் சினிமா போஸ்டர். யாரோ ஒரு நடிகை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மழையைப் பார்க்கிறாள். வருகிற வெள்ளிக்கிழமை படம் வருகிறது. படம் பார்ப்பதற்கு முன்னால் இன்னொரு தடவை வாசித்துவிடச் சொன்னான். சரி என்றேன்.

அந்த நாவலை எத்தனை தடவை வாசித்திருக்கிறேன் என்று எண்ணவில்லை. முதல் தடவை வாசித்தது 98-இல், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மதிய ஷிப்டில் இருந்தபோது. வாசித்து முடித்துவிட்டு இரண்டு பேருக்கு லைன் மாற்றிக் கொடுத்துவிட்டேன். பதினாறு வருட வேலையில் அன்றுதான் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன்.

என் மகள் ஷைனி என்றைக்காவது இந்த டைரியைப் புரட்டினால் தெரியட்டும் என்று எழுதுகிறேன். நாவலில் வருவது எங்கள் வீடு. எஸ்தர் என்று வருபவள் எங்கள் மூத்தவள், சுகிர்தா அக்கா. பத்தொன்பது வயதில் வீசிங் வந்து செத்துப்போனாள். டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்த ஒருவரைக் கட்டிக்கொள்வேன் என்று நின்றாள். அவர் வேறு மதம், வேறு சாதி. அப்பா சம்மதிக்கவில்லை. அண்ணனுக்கு அப்போது பதினேழு. எனக்குப் பதினொன்று. நாவலில் என் பெயர் பேபி. மொத்தம் நான்கு இடத்தில்தான் வருகிறேன்.

மத்தியானம் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அப்பா, அம்மா, அக்கா மூன்று பேருக்கும் பூ வைத்தேன். என் வீட்டுக்காரருக்கும். அவர் போய் நாலு வருடம் ஆகிறது.

4 நவம்பர், செவ்வாய்

வாசித்து முடித்தேன்.

கடைசிக்கு முந்தின அத்தியாயம்தான் எல்லோரும் சிலாகிப்பது. மழை பெய்கிற மத்தியானம். எஸ்தர் மாடி அறையில் படுத்திருக்கிறாள். கதவு திறந்திருக்கிறது. காற்று ஈரமாக உள்ளே வந்து போகிறது. கீழே அப்பாவின் நாற்காலி காலியாக இருக்கிறது. பேபி பக்கத்து வீட்டில் தாயம் ஆடிக்கொண்டிருக்கிறாள். தம்பி கல்லூரியிலிருந்து வந்து மாடிக்கு ஏறும்போது அக்கா தூங்குவது போல இருக்கிறாள். கையில் அந்த மனிதரின் கடிதம். அதை அண்ணன் மிக அழகாக எழுதியிருக்கிறான். வாசித்தவர்கள் அழுததாகக் கடிதம் போட்டிருக்கிறார்கள். ஒரு அட்டைப்பெட்டி நிறைய வைத்திருக்கிறான்.

அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு தடவை வாசித்தேன். பிறகு உளுந்து ஊறப்போட்டேன்.

7 நவம்பர், வெள்ளி

விடாமல் மழை. படம் வந்துவிட்டது. நாளை ஷைனி கோயம்புத்தூரிலிருந்து வருகிறாள். அவளோடு போகலாம்.

8 நவம்பர், சனி

காலைக் காட்சி. தியேட்டரில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். ஷைனி பாப்கார்ன் வாங்கி வந்தாள். வேண்டாம் என்று சொல்லியும் என் மடியில் வைத்தாள்.

வீடு எங்கள் வீடு மாதிரி இல்லை. எங்களுடையது ஓட்டு வீடு. மேலே ஒரே ஒரு அறை, ஏறிப்போக மரப்படி. படத்தில் அது பங்களா. அப்பாவாக நடித்தவர் நன்றாக நடித்தார், ஆனால் சத்தம் போடுகிறார். எங்கள் அப்பா பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர். சத்தமே போட மாட்டார். அக்காவாக வந்த பெண் அழகி. அக்காவுக்கு முன்பல் கொஞ்சம் எடுப்பு, அதனால் கையை வாய்க்கு மேல் வைத்துக்கொண்டு சிரிப்பாள். அந்தப் பெண் பல் தெரியவே சிரித்தாள்.

இடைவேளை வரைக்கும் நாவலில் உள்ளபடியே போனது. ஷைனி என் காதில், இது புத்தகத்தில் எத்தனையாவது அத்தியாயம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அதன் பிறகு மாற்றியிருக்கிறார்கள். படத்தில் அப்பா எஸ்தரை மாடி அறையில் வைத்து வெளியே பூட்டுகிறார். சாவியைச் சின்னப்பிள்ளை கையில் கொடுத்து, நான் வரும்வரை திறக்கக் கூடாது என்கிறார். அந்தப் பிள்ளைக்கு ஒன்பது வயது இருக்கும். மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறது. மழை. உள்ளேயிருந்து எஸ்தர் கதவைத் தட்டுகிறாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. பிள்ளை இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொள்கிறது. தட்டுவது நிற்கிறது. கேமரா அந்தப் பிள்ளையின் முகத்திலேயே இருக்கிறது. ரொம்ப நேரம் இருக்கிறது.

எழுந்து வெளியே வந்தேன். கை கழுவினேன். பாப்கார்ன் எண்ணெய்ப் பிசுக்கு போகவே இல்லை. திரும்பி உள்ளே போனபோது சவ அடக்கம் நடந்துகொண்டிருந்தது.

ஆட்டோவில் ஷைனி கேட்டாள், “யம்மா, அந்தச் சீன் புத்தகத்துல இல்லையே. நெசமா நடந்ததா?”

சினிமாவுக்காக வைத்திருப்பார்கள் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டாள்.

மத்தியானம் மீன் குழம்பு வைத்தேன். உப்பு கூடிவிட்டது.

9 நவம்பர், ஞாயிறு

அண்ணன் கோயிலில் பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. முகம் கறுத்துப்போய் உட்கார்ந்திருந்தான். வெளியே வேப்பமரத்தடிக்கு என்னைக் கூட்டிப்போனான். நேற்றுச் சாயங்காலக் காட்சி பார்த்திருக்கிறான். டைரக்டர் கடைசித் திரைக்கதையை அவனுக்குக் காட்டவே இல்லையாம். முதலில் காட்டியதில் கதவு திறந்துதான் இருந்ததாம்.

“ஒன்ன அசிங்கப்படுத்திட்டான் எமி. நம்ம ஊர்ல இது யாரு கதைனு தெரியாதவுக கெடையாது. நாளைக்கு ஒன் மூஞ்சிய எப்படிப் பாப்பாக?”

எனக்கு ஒன்றும் இல்லை, விட்டுவிடு என்றேன். அவன் விடவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டத்தில் அவனுக்குப் பாராட்டுக் கூட்டம். டைரக்டரும் வருகிறார். அதே மேடையில் வைத்து அந்தக் காட்சி பச்சைப் பொய், உயிரோடு இருக்கிற ஒரு பெண்ணின் மேல் போட்ட பழி என்று சொல்லப்போகிறானாம். அடுத்த மாதம் படம் போனில் பார்க்கும்படி வரும்போது அதை வெட்டிவிட வேண்டும் என்று தயாரிப்பாளரிடம் நேற்றே பேசிவிட்டான்.

பேசிக்கொண்டே சட்டைக் கையை மடித்துவிட்டான். சின்ன வயதிலிருந்தே எனக்காக யாரோடாவது சண்டைக்குப் போகும்போது அவன் இப்படித்தான் மடித்துவிடுவான்.

ஷைனி சாயங்கால ரயிலுக்குப் போனாள்.

10 நவம்பர், திங்கள்

காஸ் சிலிண்டர் வந்தது. பெல் இருக்கும்போது கதவை எதற்குத் தட்ட வேண்டும் என்று அந்த ஆளைச் சத்தம் போட்டுவிட்டேன். கரண்ட் இல்லை என்றார். அது எனக்குத் தெரியவில்லை.

11 நவம்பர், செவ்வாய்

போகக் கூடாது என்று இருந்தேன். பல்லுக்கு மருந்து வாங்கக் கிளம்பியவள் தியேட்டருக்குப் போய்விட்டேன். காலைக் காட்சி, பதினோரு பேர். இந்தத் தடவை எழுந்து வரவில்லை.

தப்புத் தப்பாக எடுத்திருக்கிறார்கள். ஒரே மாதிரி ஐந்து தட்டு, சுவர்க்கடிகாரம் அடிப்பது போல. அப்படி இருக்காது. மூச்சு கிடைக்காதவள் ஒரே சீராகத் தட்ட மாட்டாள். இரண்டு சேர்த்து வரும், பிறகு ஒன்று. பிறகு கொஞ்சம் இடைவெளி. மறுபடி இரண்டு, ஒன்று. கடைசியில் விரல் முட்டியால் தட்ட முடியாது, உள்ளங்கையால் தேய்ப்பாள். அது தட்டுகிற சத்தமாகவே இருக்காது, துணி உரசுவது போல இருக்கும். தட்டுவதும் கதவின் நடுவில் கேட்காது, கீழே கேட்கும். நிற்க முடியாதவள் தரையில்தானே உட்கார்ந்திருப்பாள்.

அந்தப் பிள்ளை காதைப் பொத்துகிறது. யாரும் காதைப் பொத்த மாட்டார்கள். காதைப் பொத்தினால் எப்போது நிற்கிறது என்று தெரியாது.

பல்லுக்கு மருந்து வாங்க மறந்துவிட்டேன்.

12 நவம்பர், புதன்

இன்றோடு ஐம்பது வருடம். 75-இலும் நவம்பர் பன்னிரண்டு புதன்கிழமைதான். காலண்டர் அப்படியே திரும்பி வந்திருக்கிறது.

அண்ணன் வீட்டு ரூபி மதினியிடம் டைரக்டரின் நம்பர் வாங்கினேன். எதற்கு என்று கேட்டாள். வாழ்த்துச் சொல்ல என்றேன். பெயர் சரவணப்பெருமாள். முப்பத்திரண்டு வயதாம், சிவகங்கைப் பக்கம். நான் யார் என்று சொன்னதும் அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. எழுந்து நின்றிருப்பான் போல.

கோபமாகப் பேச வேண்டும் என்றுதான் கூப்பிட்டேன். முதல் கேள்வியிலேயே என் குரல் இறங்கிவிட்டது. இந்தக் காட்சியை உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன்.

யாரும் சொல்லவில்லை, புத்தகத்தில்தான் கிடைத்தது என்றான். புத்தகத்தில் இல்லையே என்றேன்.

“கதவு தெறந்து இருந்துச்சுன்னு உங்கண்ணன் அந்த அத்தியாயத்துல மூணு தடவ எழுதியிருக்காரும்மா. தெறந்திருக்கிற கதவ யாரும் மூணு தடவ சொல்ல மாட்டாங்க.”

போனைப் பிடித்தபடி உட்கார்ந்தேன். அவன் தயங்கித் தயங்கிப் பேசினான். நாவலின் கடைசி அத்தியாயத்தில், அதன் பிறகு பேபி இரண்டு மாதம் பேசவில்லை என்று ஒரே ஒரு வரி வருகிறதாம். பக்கத்து வீட்டில் தாயம் ஆடிக்கொண்டிருந்த பிள்ளை ஏன் பேசாமல் போக வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. அங்கிருந்துதான் சாவியை அவள் கையில் கொடுத்தானாம். தட்டுகிற சத்தம் யார் யோசனை என்று கேட்டேன். என்னோடதுதான்மா, பூட்டின அறையில் மூச்சு முட்டினால் யாராக இருந்தாலும் தட்டத்தானே செய்வார்கள் என்றான்.

அண்ணன் சொன்னபடி வெட்டுவதற்குத் தயாரிப்பாளர் ஒத்துக்கொண்டுவிட்டாராம். கடைசியாக, நீங்கள் உங்கள் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வருத்தமில்லாமல் எடுத்துவிடுகிறேன் என்றான். அதன் பிறகு கேட்டான், “அம்மா, அந்தப் பேபி நீங்கதானே?”

நான் பக்கத்து வீட்டில் தாயம் ஆடிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். யோசித்துச் சொல்லுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

வெட்டிவிட்டால் நல்லதுதானே. இதற்கு யோசிக்க என்ன இருக்கிறது.

13 நவம்பர், வியாழன்

அப்பா அக்காளை ஒன்பது நாள் அந்த அறையில் பூட்டி வைத்திருந்தார். இதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. எழுதிப் பார்த்தால் ஒரு வரிதான் இருக்கிறது.

அம்மா நாசரேத்தில் பெரியம்மா வீட்டில் இருந்தாள், பெரியம்மாவுக்கு ஆபரேஷன். அப்பா பள்ளிக்குப் போகும்போது பூட்டிவிட்டுச் சாவியை என்னிடம் கொடுப்பார். வீட்டில் பெரியவர்கள் இல்லாததால் நான் அந்த நாட்களில் பள்ளிக்குப் போகவில்லை. மாடிப்படியை ஒட்டிய ஜன்னல் கம்பி வழியாகச் சாப்பாடும் தண்ணீரும் கொடுப்பேன்.

நாலாவது நாள் அக்கா இருமினாள். மூச்சு முட்டுதுட்டி எமி, கதவத் தொற என்று அழுதாள். நான் திறந்தேன். அவள் என்னைத் தள்ளிக்கொண்டு படியில் இறங்கி ஓடினாள். இருமல் நின்றுபோயிருந்தது. தெருமுனை திரும்பும்வரை பார்த்தேன், அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் அப்பா பிடித்துக் கூட்டிவந்தார். அன்றைக்கு அப்பா என்னைப் பெல்ட்டால் அடித்தார். அக்காளை அடிக்கவில்லை. சத்தமே போடாமல் என்னை மட்டும் அடித்தார். அடித்து முடித்துவிட்டு, இனித் திறப்பியா என்று கேட்டார்.

பன்னிரண்டாம் தேதி அண்ணன் காலேஜிலிருந்து வந்தபோது நான் படியில் உட்கார்ந்திருந்தேன். என் கையிலிருந்து சாவியை வாங்கினான். மேலே போனான், பூட்டைத் திறந்தான். அப்புறம் கீழே வந்து என் முன்னால் குந்தி உட்கார்ந்து, எங்கேட்டி இருந்த என்று கேட்டான். பக்கத்து வீட்டில் என்றேன். அவன் பூட்டையும் சாவியையும் கிணற்றில் போட்டான். அப்பா வந்தபோது, டாக்டர் வந்தபோது, பாஸ்டர் வந்தபோது, அம்மா வந்தபோது, எல்லோரிடமும் கதவு திறந்துதான் இருந்தது என்றான். அப்பா அவனைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அவன் கேட்ட அந்த ஒரு கேள்விதான். அதன் பிறகு நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. நாவலில் அவன் எனக்குத் தாயக்கட்டைகூடக் கொடுத்திருக்கிறான்.

14 நவம்பர், வெள்ளி

மழை. மாவு புளிக்கவில்லை. டைரக்டர் இரண்டு தடவை கூப்பிட்டான். எடுக்கவில்லை.

15 நவம்பர், சனி

காலையில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். மேஜையில் நாளைக்குப் பேசுவதற்கு எழுதி வைத்திருந்தான். நாலு பக்கம். என் முன்னால் வாசித்துக் காட்ட ஆரம்பித்தான். என் தங்கையை எனக்குத் தெரியும், என்று தொடங்கியது.

முதல் பத்தியிலேயே நிறுத்தச் சொன்னேன்.

“நாளைக்கு அது பொய்னு சொல்லாதே.”

“ஏன்?”

“நான் பக்கத்து வீட்டுல இல்ல.”

அவன் கண்ணாடியைக் கழற்றினான். சாவி என் கையில் இருந்ததை அவன்தானே வாங்கினான், அது அப்பா செய்த காரியம், அதில் என் தப்பு எதுவும் இல்லை என்றான். அவனுக்குப் புரியவில்லை. நான் சொல்ல வந்தது சாவியைப் பற்றி இல்லை.

“அக்கா தட்டினா. நான் படியிலதான் இருந்தேன்.”

ரூபி மதினி டீ கொண்டுவந்தாள். இரண்டு பேரும் வாங்கிக் குடித்தோம். மதினி எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அண்ணன் ரொம்ப நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் அவனே ஒன்றைக் கண்டுபிடித்தான். முகம் தெளிந்துவிட்டது.

“முந்தி ஏமாத்திட்டு ஓடினாள்லா. அதான் இதுவும் நடிப்புன்னு நெனச்சிட்ட. அப்படித்தானே?”

ஆமா என்றேன்.

அவன் எழுந்து வந்து என் தலையில் கை வைத்தான். ஐம்பது வருஷமா இதைத் தனியா வச்சிருந்தியா என்றான். அவன் அழுதான். நான் அழவில்லை. வரும் வழியில் பால் பாக்கெட் வாங்கினேன்.

16 நவம்பர், ஞாயிறு

கூட்டத்துக்குப் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். டைரக்டர் மேடையில் ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருந்தான். திட்டு விழும் என்று எதிர்பார்த்திருப்பான். ஒல்லியாக, குச்சி மாதிரி இருக்கிறான்.

அண்ணன் எழுதிவைத்த தாளை எடுக்கவில்லை. நாவலில் ஒரு அத்தியாயத்தை நான் பயந்து எழுதினேன், இந்தத் தம்பி பயப்படாமல் எடுத்திருக்கிறார், அவர் எடுத்ததுதான் சரி, அந்தக் காட்சியை யாரும் வெட்ட வேண்டாம் என்றான். அதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள் என்றான். யாரும் கேட்கவில்லை. எழுந்து நின்று கை தட்டினார்கள். டைரக்டர் அண்ணன் காலைத் தொட்டான். பக்கத்தில் இருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம், எவ்வளவு பெரிய மனசு பாருங்க என்றார்.

கை தட்டுகிற சத்தம் ஓயும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

17 நவம்பர், திங்கள்

நான் ஆமா என்று சொன்னேன். அவன்தான் முதலில் சொன்னான், நான் ஆமா என்று மட்டும்தான் சொன்னேன்.

19 நவம்பர், புதன்

ஷைனி போன் செய்தாள். மாமா பேசியதை யாரோ வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறார்களாம். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது போலத்தான் பேசினாள். லீவு போட்டுவிட்டு வரட்டுமா என்று இரண்டு தடவை கேட்டாள். வேண்டாம் என்றேன். சாப்பிட்டீங்களாம்மா என்றாள். ரசமும் கத்தரிக்காயும் என்றேன். உண்மையில் சாப்பிடவில்லை.

வீட்டில் நாலு கதவு. முன்கதவைத் தவிர மற்ற மூன்றையும் திறந்து, காற்றில் அடிக்காமல் இருக்கக் கல் வைத்திருக்கிறேன். ஈரம் உள்ளே வருகிறது. வரட்டும்.

22 நவம்பர், சனி

காலை பத்து மணிக்கு அண்ணன் வந்தான். பையில் எழுதிய தாள்கள். ஆறு நாளில் அந்த அத்தியாயத்தைத் திருப்பி எழுதியிருக்கிறான். பதினேழு பக்கம். அடுத்த பதிப்பில் பழையதை எடுத்துவிட்டு இதைப் போடலாம் என்று பதிப்பாளரிடம் சொல்லிவிட்டானாம். உனக்குச் சம்மதமென்றால்தான் என்றான். உட்கார வைத்து வாசித்தான்.

நன்றாக இருந்தது. பழையதைவிட நன்றாக இருந்தது. பேபி படியில் உட்கார்ந்திருக்கிறாள். முதுகில் பெல்ட் தழும்பு. மேலே தட்டுகிறாள் எஸ்தர். பேபி நினைக்கிறாள், அக்கா மறுபடியும் நடிக்கிறாள், இந்த முறை ஏமாற மாட்டேன். சண்டே ஸ்கூல் பாட்டை வாய்க்குள் பாடிக்கொள்கிறாள். மழை பாட்டை மூடுகிறது, தட்டுவதையும் மூடுகிறது. எதுவும் அறியாத பிள்ளை, என்று முடிகிறது.

வாசிக்கும்போது அண்ணன் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. முடித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். எழுத்தில் ஏறி, அட்டை போட்டு, அதுதான் நடந்தது என்று ஆகியிருக்கும். எனக்கே நாளடைவில் அப்படித்தான் நடந்தது என்று ஆகியிருக்கும். தாயம் ஆடிய நாளை நான் பாதி நம்பினவள்தானே.

“இது இல்ல” என்றேன்.

எதை மாற்ற வேண்டும் என்று பேனாவை எடுத்தான். பேனாவை வை என்றேன்.

“நடிக்கும்போது அவ இருமுவா. நெசமா வரும்போது இருமல் வராது, பேச்சும் வராது. ஒரு விசில் சத்தம் மட்டும்தான் வரும். பொறந்ததுலேர்ந்து அவ பக்கத்துல படுத்தவ நான். எனக்குத் தெரியாதா?”

அவன் பேனாவை மூடி மேஜையில் வைத்தான்.

“மொதத் தட்டுலயே தெரியும்ணே. கொஞ்ச நேரம் கெடக்கட்டும்னு இருந்தேன்.”

எழுதும்போது கை நிற்கிறது. ஆனால் அவனிடம் சொல்லும்போது நிற்கவில்லை, தெளிவாகத்தான் சொன்னேன். என்னைத் தள்ளிவிட்டு ஓடினாளே, திரும்பிப் பார்க்காமல் போனாளே, அவளுக்காக நான் அடி வாங்கினபோது ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாளே, ஒரு வார்த்தை சொன்னாளா என்று நினைத்தேன். கொஞ்சம் கஷ்டப்பட்டால் புத்தி வரும், அப்புறம் திறப்போம் என்று நினைத்தேன். சாவியைக் கையில் இறுக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். சத்தம் நின்றதும், நடிப்பை விட்டுவிட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுதான் நான் முதன்முதலாகச் சொன்ன பொய். அண்ணனிடம் சொன்னது இரண்டாவது.

அண்ணன் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். ஓரம் சரியாகும்வரை மேஜையில் தட்டினான். பிறகு தட்டுவதைச் சட்டென்று நிறுத்தினான்.

“பதினோரு வயசு ஒனக்கு” என்றான்.

“அவளுக்குப் பத்தொம்பது” என்றேன்.

அதற்கு மேல் அவனும் எனக்கு வேறு வழி தேடவில்லை. ஐம்பது வருடத்தில் முதல் தடவையாக எனக்காக ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தான். அவனை அப்படிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். அவன் எழுந்து சமையலறைக்குப் போய்ப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தான். எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்தான்.

பதிப்பாளரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றான். பழையபடியும் போட வேண்டாம், இப்படியும் போட வேண்டாம், புத்தகம் இனி வர வேண்டாம் என்றான். படம் இருக்கட்டும், அது டைரக்டரின் படம் என்றான். தாள்களைப் பைக்குள் வைத்தான். நாளைக் காலை எட்டரைக்கு ஆட்டோவோடு வருகிறேன், கோயிலுக்குத் தனியாக வர வேண்டாம் என்றான். சரி என்றேன்.

வாசல்வரை போனவன் நின்றான். என்னைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டான்.

“எவ்வளவு நேரம்?”

“பக்கத்து வீட்டு ரேடியோவுல நாலு பாட்டு” என்றேன்.

அவன் நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனான். என்னென்ன பாட்டு என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வரிசையாகச் சொல்லியிருப்பேன்.